யாரையும் கொல்லாதவருக்கு கில்லட்டின்

1893 டிசம்பர் 9. பாரிஸில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை கூடியிருந்தது. பார்வையாளர் மாடத்திலிருந்து பறந்து வந்த குண்டு வெடித்து, அதற்குள் திணித்திருந்த ஆணிகள் நாலா பக்கமும் சிதறின. அவை முழுக்கப் புகை, அலறல். சபாநாயகர் சார்ல் துப்புய் மட்டும் அசரவில்லை. “கூட்டம் தொடர்கிறது” என்றார். பிரெஞ்சுக்காரர்கள் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வீசியவர் பெயர் ஓகுஸ்த் வையான். சிறு வயதிலிருந்தே வறுமை. பிழைப்புத் தேடி அர்ஜென்டினா வரை போய், வெறுங்கையோடு திரும்பிய அராஜகவாதி. சிடோனி என்று ஒரு மகள். வெடித்ததில் வையானுக்கும் காயம்.

பலர் காயம்பட்டார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. கொல்வது நோக்கமென்றால் தோட்டாவை அல்லவா நிரப்பியிருப்பேன், ஆணியை ஏன் நிரப்பினேன் என்று நீதிமன்றத்தில் வாதாடினார் வையான். நெரிசலான அவையில் ஆணிக்குண்டை வீசியவர் இப்படிச் சொன்னால் நம்புவது கஷ்டம்தான். 1894 ஜனவரி 10 அன்று, ஒரே நாளில், விசாரணையும் முடிந்தது. மரண தண்டனையும் வந்தது.

கருணை காட்டச் சொன்னவர்களில் ஒருவர் லெமிர் பாதிரியார். அவையின் உறுப்பினரான அவர், அதே குண்டில் காயம்பட்டவர்! ஜனாதிபதி சாதி கர்னோ மசியவில்லை. பிப்ரவரி 5 அன்று கில்லட்டின் இறங்கியது.

ஒரு தலையை வெட்டினால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. குண்டு வெடித்த மூன்றே நாளில் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டமும் போட்டாகிவிட்டது. கணக்கு ஒரு வாரம்தான் தாங்கியது. பிப்ரவரி 12 இரவு, சேன்-லசார் ரயில் நிலையத்தை ஒட்டிய தெர்மினுஸ் காபி விடுதியில் 21 வயது எமில் ஆன்ரி குண்டு வீசினான். அங்கே அமைச்சர்களும் இல்லை, நீதிபதிகளும் இல்லை. இசை கேட்டபடி பீர் குடித்துக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள்தான். ஒருவர் இறந்தார், சுமார் 20 பேர் காயமடைந்தார்கள். வையானுக்காகப் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு பீர் குடிக்க வந்தவர்களைக் கொல்வதில் என்ன நியாயம்? மே 21 அன்று ஆன்ரியின் தலையும் விழுந்தது.

ஜூன் 24. லியோன் நகருக்கு வந்திருந்த ஜனாதிபதி கர்னோவின் குதிரை வண்டியில் தாவி ஏறி, அவரைக் கத்தியால் குத்தினான் கசேரியோ என்ற இத்தாலிய இளைஞன். ரொட்டிக் கடைத் தொழிலாளி. கர்னோ பிழைக்கவில்லை. ஆகஸ்ட்டில் கசேரியோவுக்கும் கில்லட்டின்.

வையானின் பெயர் இந்தியாவுக்கும் வந்தது. 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டசபையில் பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். கூடவே அவர்கள் இறைத்த துண்டறிக்கை, செவிடர்களுக்குக் கேட்க வேண்டுமானால் உரத்த குரல் வேண்டும் என்ற கருத்தோடு, வையானின் பெயரைச் சொல்லியே தொடங்கியது. இங்கேயும் சிலருக்குக் காயம்தான், உயிர்ச்சேதம் இல்லை.

இந்தக் குண்டுக்காகத்தான் பகத்சிங்கைத் தூக்கில் போட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சட்டசபைக் குண்டு வழக்கில் இருவருக்கும் கிடைத்தது ஆயுள் தண்டனை. 1931 மார்ச் 23 அன்று லாகூர் சிறையில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டது, போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்டுக் கொன்ற வழக்கில்.