பிசினஸ் ஹையர் தேர்வு

பிசினஸ் ஹையர் என்பது, ஆங்கிலத்தை ஏற்கெனவே நன்கு கற்றவர்களின் வணிகத் தொடர்பாற்றலை அளவிடக் கேம்பிரிட்ஜ் நடத்தும் சி1 எனும் உயர்நிலைத் தேர்வாகும். இது 1993-இல் சீனாவில் தொடங்கிய பி.இ.சி. (பிசினஸ் இங்கிலிஷ் சர்டிஃபிகேட்) தேர்வு வரிசையின் உச்சப் படி. வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் என நான்கு தாள்கள் உண்டு.

எழுத்துத் தாளுக்கு 70 நிமிடம். வரைபடத்தைப் படித்து 120 முதல் 140 சொற்களில் சிற்றறிக்கை எழுத வேண்டும். அடுத்து 200 முதல் 250 சொற்களில் அறிக்கை, முன்மொழிவு, கடிதம் ஆகியவற்றில் ஒன்று. இலக்கணப் பிழை இல்லாதது மட்டும் இங்கே போதாது. மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் எழுதும் தொனி வேறுபட வேண்டும். மறுப்பைக்கூடப் பணிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். உயர்நிலை மாணவர்களுக்கு உண்மையில் கடினமானது இதுதான்.

பேச்சுத் தேர்வுக்குப் பெரும்பாலும் இருவர் இணைந்தே வருவர். ஒவ்வொருவரும் ஒரு நிமிடத் தயாரிப்புக்குப் பின் சுருக்கமாக உரையாற்றுவர்; பிறகு இருவரும் ஒரு வணிகச் சிக்கலை விவாதிப்பர்.