ஓர் எழுத்தும் ஒரு ஜேர்மன் காரும்

ஜேர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்து வளர்ந்த, எனக்கு மருமகன் முறையான இளைஞன் ஒருவன் அண்மையில் மின்னஞ்சல் எழுதியிருந்தான். அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் ஆலயத்திற்குக் கூப்பிடு தூரத்திலுள்ள அவனது பூர்வீக வீட்டின் கொட்டகையில் அப்பப்பாவின் வோக்ஸ்வாகன் கார் நிற்கிறது. அதை மீண்டும் ஓடவைக்க விரும்புகிறான். இயந்திரத்தைப் பெரிதாக்கலாமா, இரட்டைக் காபரேற்றர் பூட்டலாமா என்று கேட்டுவிட்டு, முடிவில் இப்படி எழுதியிருந்தான்: "மாமா, நம்பர் பிளேட்டில இருக்கிறது என்ன எழுத்து? அதை அப்படியே விடலாமா?"

முதலிரண்டு கேள்விகளுக்கு நல்ல மெக்கானிக் ஒருவரே போதும். மூன்றாவது கேள்வி எங்களைப் போன்ற பழைய பத்திரிகைக்காரர்களுக்கு உரியது. அவனுக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

அந்தப் பெரியவர் ஒரு போடியார். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அவருக்கு வயல் இருந்தது. 1957ஆம் ஆண்டு அவர் வோக்ஸ்வாகன் வாங்கியதற்குக் காரணம் மோகமன்று. இயந்திரம் பின்புறம் இருப்பதால் அதன் பாரம் முழுவதும் இழுக்கும் சில்லுகளின் மீதே அமரும். மாரிக்காலச் சேற்றில் மற்றைய கார்கள் திணறும் இடத்தில் இது முக்கி முனகிக்கொண்டு ஏறிவிடும். 1,192 கன செ.மீ. கொள்ளளவு, 30 குதிரை வலு. தண்ணீரும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை. காற்றாலேயே குளிரும் இயந்திரம்.

அந்தக் காரின் பிறப்புக் கதை அழகானதல்ல. ஹிட்லரின் ஆட்சியில் 1938இல் அதன் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முத்திரை ஒட்டிப் பணம் சேமித்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜேர்மானியரில் ஒருவருக்கேனும் கார் கிடைக்கவில்லை. போரின்போது அத்தொழிற்சாலை அடிமை உழைப்பில் இயங்கியது. 1945இன் பின் அதற்கு மறுவாழ்வு கொடுத்தவர் ஐவன் ஹேர்ஸ்ட் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி. காரை வடிவமைத்த ஃபெர்டினான்ட் போர்ஷேயின் அலுவலகம் இருந்தது, என் மருமகன் வாழும் அதே ஸ்டுட்கார்ட்டில். 1948இல் அவருடைய மகன் ஃபெரி போர்ஷே, இதே வோக்ஸ்வாகனின் இயந்திரத்தைச் சற்று முறுக்கேற்றித்தான் 356 என்ற முதலாவது போர்ஷே காரை உருவாக்கினார். ஆகவே பந்தயக் கார்களின் பெருங்குலம் ஒன்றுக்கு அமிர்தகழிக் கொட்டகையில் நிற்கும் இந்த வண்டு நெருங்கிய உறவு. இதை எழுதியபோது மருமகன் துள்ளிக் குதித்திருப்பான்.

இனி அந்த எழுத்து.

1956 வரை இலங்கையின் கார்கள் ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துகளோடு ஓடின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவாகும் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்க வேண்டும் என்றாயிற்று. சில மாதங்கள் முந்தி வாங்கியிருந்தால் போடியாரின் காருக்கு ஆங்கில எழுத்துக் கிடைத்திருக்கும்.

சொல்லில் சண்டை இல்லை என்பதைக் கவனியுங்கள். 'ஸ்ரீ' இரு மொழியினருக்கும் பொதுவான மங்கலச் சொல். தமிழில் எழுதினாலும் அது கிரந்த எழுத்துத்தான். தனித்தமிழ்ப் பற்றாளர்கள் 'திரு' என்றிருக்க வேண்டும் எனக் குறைபட்டிருப்பார்கள். சண்டை, அதை எந்த எழுத்தில் எழுதுவது, யாருடைய கதவில் யார் எழுதுவது என்பதில். தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. பலர் தமிழ் 'ஸ்ரீ'யைத் தாமே எழுதி வண்டியோட்டினர். 1957 ஜூலையில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானபோது சற்று ஆறுதல். ஆனால் 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ்கள் சிங்கள 'ஸ்ரீ'யுடன் வடக்கிற்கு அனுப்பப்பட்டதும் தார்ச் சட்டிகள் மீண்டும் வெளியே வந்தன. இங்கே சிங்கள எழுத்தின்மீது தார். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப் பலகைகளின்மீது தார். ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதத்தில் கலவரம்.

போடியாரின் கார்த் தகட்டில் தார் பூசியது அவருடைய சொந்த மூத்த மகனேதான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். தமிழில் எழுதி ஓட்டினார், தண்டம் கட்டினார், பின்பு கழுவித் துடைத்துவிட்டு மௌனமாக ஓட்டினார். வயலுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

அந்தக் கார் ஏன் இவ்வளவு காலம் தப்பியது என்பதற்கு விடை எளிது. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருந்ததைப் பேணுவதே வழி. மேலைநாட்டில் பழைய கார் பொழுதுபோக்கு. எங்களிடம் அது வேறு வழியின்மையின் பிள்ளை. உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் எங்கள் கராஜ் பாஸ்மார் பித்தளை உருளையைக் கடைந்து புஷ் செய்தார்கள், வேறு வண்டியின் கேபிளை வெட்டி ஒட்டினார்கள். அவர்களைப் பற்றி எவரும் நூல் எழுதவில்லை.

அவர்கள் அறிந்திருந்த நுணுக்கங்கள் சில. மூன்றாம் சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகம் சூடேறும். ஒயில் குளிர்விப்பான் அதற்குப் போகும் காற்றின் வழியில் நிற்பதே காரணம். எனவே அதன் வெளியேற்று வால்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விசிறி, டைனமோவின் பட்டியால் சுழல்வது. பட்டி அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தபின் ஒரு கட்டை தூரம்கூட ஓடக் கூடாது. ஒயில் இரண்டரை லீற்றர்தான், அதுவும் குளிர்ச்சியைத் தருவது, ஆகவே தவறாமல் மாற்ற வேண்டும். பற்றரி பின் இருக்கையின் கீழே. அதன் அமிலமும் வாவியின் உப்புக் காற்றும் சேர்ந்து அடித்தகட்டைத் தின்றுவிடும். மட்டக்களப்பில் ஒரு வோக்ஸ்வாகனை வாங்குபவன் இயந்திரத்தைக் கேட்பதற்குமுன் இருக்கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கொட்டகையின் கூரை போயிற்று, கார் நின்றது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வாவியே எல்லையாயிற்று. எழுவான்கரையில் இராணுவம், படுவான்கரையின் பெரும்பகுதியில் புலிகள். 2007வரை அந்த நிலைதான். வயலுக்குப் போக முடியாத காருக்கு என்ன வேலை? அதனால்தான் அது கொட்டகைக்குள் போயிற்று.

வடக்கில் அக்காலத்தில் வேறொரு வித்தை நடந்தது. பெற்றோல் தடை காரணமாக ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாது. எரியாத எண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயிலாலும் குளிரும் வோக்ஸ்வாகனுக்கு அது இரட்டைத் தீங்கு. 1950களில் ஜேர்மனியில் ஓட்டிங்கர் என்பவர் இதே இயந்திரத்துக்கு இரட்டைக் காபரேற்றர் பூட்டி வேகம் கூட்டினார். எங்கள் மாற்றியமைப்புகளோ வேகத்துக்காக அல்ல. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்க்க.

மருமகனுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். ஜேர்மனியில் முப்பது வயது கடந்து, பெரும்பாலும் பழைய வடிவிலேயே பேணப்பட்ட காருக்கு 1997 முதல் இலக்கத்தின் இறுதியில் 'எச்' எழுத்துத் தருகிறார்கள். அது மரபுச் சின்னம் என்னும் மரியாதை. வரியிலும் சலுகை உண்டு. மாற்றங்களையும் நிபுணர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒழுங்கை அமிர்தகழியிலும் கைக்கொள். 1957ஆம் ஆண்டு வண்டிக்கு நான்கு சில்லிலும் டிரம் பிரேக்தான். பின் அச்சு, வளைவில் வேகமாகத் திரும்பினால் சில்லை உள்ளே மடக்கும் இயல்புடையது. பிரேக்கைத் திருத்தாமல் வலுவைக் கூட்டுவது முட்டாள்தனம். முதலில் அடித்தகடு, பிறகு பிரேக், பிறகு வயர்கள். இயந்திரம் கடைசியில். 2022இல் கியூ.ஆர். அட்டைக்கு வாரம் இருபது லீற்றர் பெற்ற எங்களுக்குத் தெரியும், வலு கூடிய இயந்திரம் எவ்வளவு குடிக்கும் என்று.

தகட்டைப் பற்றி: பின்னாளில் அந்த 'ஸ்ரீ' சந்தடியின்றிக் கைவிடப்பட்டுவிட்டது, புதிய வாகனங்களில் அது இல்லை. பழையவற்றில் இருக்கிறது. இன்று கொழும்பில் பழைய கார் சேகரிப்போர் 'ஒன்று ஸ்ரீ' என்றால் பெருமையோடு பேசுகிறார்கள். மருமகன் அதைக் கழற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, மினுக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. பெற்றோல் போட்டுக் கழுவாதே, எழுத்தின் மடிப்புகளில் கறுப்பாக ஏதாவது இருக்கிறதா என்று பார், என்று மட்டும் எழுதினேன்.

பதில் வந்திருக்கிறது. தகட்டைப் பற்றி ஒரே வரி: இருக்கிறதாம், கழுவவில்லையாம். மிச்சம் முழுவதும் 6 வோல்ட் பல்பு மட்டக்களப்பில் எந்தக் கடையில் கிடைக்கும் என்ற விசாரணை.