சொகுசு பொட்டீக் ஹோட்டல்களின் புள்ளித் திட்டங்கள்

ஒரு விடுதியிலோ விடுதிக் குழுமத்திலோ தங்கும் விருந்தினர் செலுத்தும் தொகைக்கு ஏற்பப் புள்ளிகளைக் கணக்கில் வரவு வைத்து, பின்னர் அப்புள்ளிகளுக்கு ஈடாக இலவச இரவுத் தங்கலோ, கட்டணக் கழிவோ, உயர்தர அறையோ வழங்கும் ஏற்பாடு புள்ளித் திட்டம் எனப்படும். பொட்டீக் ஹோட்டல் என்பது குறைந்த எண்ணிக்கையிலான அறைகளும், தனக்கென ஒரு கட்டடத் தன்மையும், விருந்தினரைப் பெயர் அறிந்து உபசரிக்கும் பழக்கமும் கொண்ட சிறிய சொகுசு விடுதியாகும். லண்டனில் 1978இல் தொடங்கப்பட்ட பிளேக்ஸும், நியூயார்க்கில் 1984இல் திறக்கப்பட்ட மார்கன்ஸும் இவ்வகையின் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன.

வாங்கும் பொருளுக்கு ஏற்ப வெகுமதி வழங்கும் முறை விடுதிகளில் தோன்றியதன்று. அமெரிக்காவில் ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் 1896இல் அறிமுகப்படுத்திய பச்சை ஸ்டாம்புகளைக் கடைக்காரர்கள் வாங்கி வாடிக்கையாளருக்கு வழங்க, அவர்கள் அவற்றை ஏட்டில் ஒட்டிச் சேர்த்துப் பொருள்களாக மாற்றிக்கொண்டனர். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த தொலைவைக் கணக்கிட்டு இலவசப் பயணம் வழங்கத் தொடங்கியதும், 1983இல் ஹாலிடே இன், மேரியட் ஆகிய இரு விடுதிக் குழுமங்களும் அதே வழியில் இறங்கின.

இத்தகைய திட்டம் பெருங்குழுமங்களுக்கு எளிதாகக் கைகூடுகிறது. சிறிய விடுதிக்கோ கடினமாகிறது. செட்டிநாட்டின் கானாடுகாத்தானில், 1930களில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய மாளிகையில் இயங்கும் விசாலம் போன்ற விடுதிக்கு ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிது என்பதால், அவ்வொரு வீட்டில் மட்டும் செல்லும் புள்ளிகளைச் சேர்ப்பதில் அவருக்குப் பயன் குறைவு. ஆகவே தனித்த விடுதிகள் தம் உடைமையையும் பெயரையும் விட்டுக்கொடுக்காமல் கூட்டமைப்புகளில் சேர்ந்து, அவற்றின் வழியாகப் பெரிய குழுமங்களின் புள்ளிகளை ஏற்கின்றன. ஸ்மால் லக்ஷுரி ஹோட்டல்ஸ் ஆஃப் தி வேர்ல்டு என்னும் கூட்டமைப்பு 2018இல் ஹயாத் குழுமத்துடன் இணைந்தது. 2024இல் அவ்வுறவு முடிவுற்று ஹில்டனுடன் புதிய உடன்பாடு ஏற்பட்டது. ஒரு குழுமத்தின் புள்ளிகளை நம்பிச் சேர்த்துவந்த விருந்தினருக்கு, அவர் எவ்விதத்திலும் பங்கேற்காத ஓர் ஒப்பந்த மாற்றத்தால், விரும்பிய சிறு விடுதியின் கதவு அடைபடக்கூடும் என்பதற்கு இது தெளிவான சான்று. சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய கிம்ப்டன் பொட்டீக் குழுமம் விலைக்கு வாங்கப்பட்டபின், அதன் தனித்திட்டமும் 2018இல் ஐ.எச்.ஜி. குழுமத்தின் பொதுத்திட்டத்தில் கரைந்தது.

சிறு நகரத்தவருக்கு இத்திட்டங்கள் எவ்வளவு எட்டுகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: விருதுநகர் மாவட்டத்தில், 2021இல் சிவகாசி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட திருத்தங்கலிலிருந்து பார்க்கும்போது, இத்தகைய புள்ளிகள் செல்லும் அண்மை நகரம் மதுரையாகும். பசுமலைக் குன்றின்மீதுள்ள தாஜ் குழுமத்தின் கேட்வே விடுதியும், மேரியட்டின் கோர்ட்யார்டு விடுதியும் அங்கு இயங்குகின்றன. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்காக வடமாநிலங்களுக்குச் சென்று தங்கும் இப்பகுதி வணிகருக்குப் புள்ளி ஈட்டும் வாய்ப்பு ஊருக்கு வெளியேதான் மிகுதி. செலவழிக்கும் வாய்ப்பு மதுரையிலும் உதகையிலும் உண்டு. தாஜ் குழுமத்தின் திட்டம் 2022 ஏப்ரலில் தொடங்கிய டாடா நியூ தளத்துடன் பிணைக்கப்பட்டது. அதன் நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய்க்குச் சமம் என வெளிப்படையாக வரையறுக்கப்பட்டுள்ளது. இந்த வெளிப்படைத்தன்மை பாராட்டத்தக்கது. பெரும்பாலான பன்னாட்டுத் திட்டங்களில் அது இல்லை.

புள்ளி ஈட்டும் விதிகள் சிக்கலற்றவை. மேரியட் பான்வாய் திட்டத்தின் பெரும்பாலான விடுதிகளில் ஒரு டாலர் செலவுக்கு 10 அடிப்படைப் புள்ளிகளும், ஹயாத்தில் 5 புள்ளிகளும் கிடைக்கின்றன. அறை வாடகை மீதான வரிக்குப் புள்ளி இல்லை. இணைய முகவர் தளங்கள் வழியாகப் பதிவு செய்த அறைக்கும் பொதுவாக இல்லை. ஆண்டுக்குத் தங்கும் இரவுகளின் எண்ணிக்கை உயர உயரப் படிநிலைத் தகுதியும் உயரும்: மேரியட்டில் 10 இரவுக்கு வெள்ளி, 25 இரவுக்குப் பொன், 50 இரவுக்குப் பிளாட்டினம். தங்காமலே கடன் அட்டைச் செலவின் மூலம் புள்ளி சேர்க்கும் வழியும் உண்டு, எச்.டி.எஃப்.சி. வங்கி 2023 ஆகஸ்டில் மேரியட்டுடன் சேர்ந்து இத்தகைய அட்டையை வெளியிட்டது.

மீட்பு, அதாவது சேர்த்த புள்ளிகளைப் பயனாக மாற்றுதல், இதைவிட நுட்பமானது. மேரியட்டில் முன்பு ஒவ்வொரு விடுதியும் ஒரு வகுப்பில் வைக்கப்பட்டு, இத்தனை புள்ளிக்கு ஓர் இரவு என அட்டவணை அச்சாகியிருந்தது. மேரியட் 2022இல் அவ்வட்டவணையை நீக்கி, நாளுக்கும் தேவைக்கும் ஏற்ப மாறும் விலைமுறைக்குச் சென்றது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் அறியலாம். டாலருக்கு 80 ரூபாய் எனக் கொண்டால், 16,000 ரூபாய் வாடகைக்கு 2,000 புள்ளிகள் கிடைக்கும். 12,000 ரூபாய் வாடகையும் 18 விழுக்காடு வரியும் சேர்ந்து 14,160 ரூபாய் ஆகும் ஓர் அறைக்கு 20,000 புள்ளிகள் கேட்கப்பட்டால், ஒரு புள்ளியின் மதிப்பு ஏறத்தாழ 71 காசு. அதே அறைக்கு 30,000 கேட்கப்பட்டால் 47 காசு. முதல் நிலையில் செலவில் ஒன்பது விழுக்காடு அளவுக்குத் திரும்பி வருகிறது. இரண்டாவதில் ஆறு விழுக்காடுகூட வருவதில்லை. புள்ளிகளால் எடுக்கும் இரவுகளில் தொடர்ந்து நான்குக்குப் புள்ளி செலுத்தினால் ஐந்தாவது இலவசமாகும் சலுகை மேரியட்டில் உள்ளதால், நீண்ட விடுமுறைக்கு மீட்பதே கூடுதல் ஆதாயம்.

தமிழ்நாட்டினர் நன்கறிந்த தீபாவளிச் சீட்டுடன் இதை ஒப்பிட்டால் அடிப்படை வேறுபாடு விளங்கும். மாதந்தோறும் பணம் கட்டி ஆண்டு முடிவில் பட்டாசுப் பெட்டியும் இனிப்பும் பெறும் சீட்டில், கட்டிய பணம் கட்டியவருடையது. ஏலச்சீட்டு நடத்துவோரை 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது, அனுமதியின்றி வைப்புத்தொகை திரட்டுவோரை 2019ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. புள்ளியோ உறுப்பினரின் சொத்தன்று. அதன் மதிப்பையும் விதிகளையும் மாற்றும் உரிமையைத் திட்ட விதிமுறைகள் வழங்குநரிடமே வைக்கின்றன. நிறுவனத்தின் கணக்கேட்டிலோ புள்ளி ஒரு கடப்பாடாகவே பதிவாகிறது: 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கணக்கியல் தரம் 115இன்படி, விருந்தினர் செலுத்திய தொகையில் புள்ளிக்கு உரிய பங்கை உடனே வருவாயாகக் காட்ட இயலாது; புள்ளி மீட்கப்படும்போதோ காலாவதியாகும்போதோதான் அது வருவாயாகும். எவரும் மீட்காமல் விடக்கூடிய புள்ளிகளை மதிப்பிட்டு, அதற்குரிய தொகையையும் நிறுவனம் படிப்படியாக வருவாயில் சேர்க்கலாம். மதிப்பை வழங்குநரே மாற்றலாம் என்பதால், புள்ளிகளைப் பல ஆண்டுகள் தேக்கிவைப்பது உறுப்பினருக்குப் பாதகமானது. விலை உயரும் முன் அவற்றைச் செலவிடுவதே தக்கது.

அறை வாடகையை விருந்தினர் பணிபுரியும் நிறுவனம் செலுத்தினாலும், விதிகளுக்கு உட்பட்டுத் தங்கிய உறுப்பினரின் பெயரிலேயே புள்ளி வரவாகும். மேரியட், ஹயாத் ஆகிய இரு திட்டங்களிலும் 24 மாதங்கள் தொடர்ந்து வரவோ செலவோ நிகழாத கணக்கின் புள்ளிகள் காலாவதியாகின்றன.