‘இன்னாருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும்’

இடைக்கால இங்கிலாந்தில் நிலம் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் ‘அண்ட் ஹிஸ் ஏர்ஸ்’, அதாவது ‘அவர்தம் வாரிசுகளுக்கும்’ என்ற தொடர் இடம்பெற்றே ஆகவேண்டும். ‘இன்னாருக்கு’ என்று மட்டும் எழுதினால் நிலம் அவருடைய ஆயுள்வரைதான். அவர் கண்மூடியதும் அது கொடுத்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ திரும்பிவிடும். ‘என்றென்றைக்கும்’ என்று சேர்த்தாலும் பயனில்லை. முழு விலை கொடுத்து வாங்கிய நிலத்தைப் பிள்ளைகள் இழக்க, எழுத்தர் ஒரு சொல்லை விட்டுவிட்டாலே போதும்.

அச்சொல்லால் வாரிசுக்கு எவ்வுரிமையும் வந்துவிடவில்லை என்பதுதான் விந்தை. தந்தை நிலத்தை விற்றால் மகன் தடுக்க இயலாது. ‘வாரிசுகள்’ என்பது இங்கே பெறுவோரைச் சுட்டவில்லை; தந்தை பெற்ற உரிமையின் அளவைச் சுட்டியது.

உயில்களில் வரும் ‘கிவ், டிவைஸ் அண்ட் பிக்வீத்’ என்ற அடுக்குத் தொடரும் இத்தகையதே. 1066-க்குப் பின் பிரெஞ்சும் ஆங்கிலமும் அருகருகே வழங்கியதால் இரு மொழிச் சொற்களும் இணைந்தன என்பது வழக்கமான விளக்கம். ‘டிவைஸ்’ பிரெஞ்சுவழி வந்தது. ஆனால் ‘கிவ்’, ‘பிக்வீத்’ இரண்டும் ஜெர்மானிய வேர் கொண்டவை. ஆகவே அவ்விளக்கம் பாதிதான் சரி. ஒரு சொல் குறைந்தால் சொத்தே போய்விடும் என்ற அச்சம் எழுத்தர்களுக்கு இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ‘பிக்வீத்’தின் பழைய வேர்ப்பொருள் ‘சொல்லுதல்’. இறப்பவர் வாயால் சொன்னதே உயிலாக இருந்த காலத்தின் தடம் அது. ‘டிவைஸ்’ நிலத்துக்கு உரிய சொல்லாயிற்று. நிலத்தை உயில்வழி அளிக்கப் பொதுவான அனுமதி 1540-இல் எட்டாம் ஹென்றியின் சட்டத்தால்தான் வந்தது.

‘வாரிசுகளுக்கும்’ என்ற கட்டாயத்தை இங்கிலாந்து 1881-இல் தளர்த்தி, 1925-இல் நீக்கியது. இந்தியாவிலோ 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வேறு கருத்து தெரிவிக்கப்படாதவரை கொடுப்பவரின் முழு உரிமையும் வாங்குபவரைச் சேரும் என்று முன்னரே விதித்துவிட்டது. ஆயினும் தமிழ்க் கிரயப் பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்’ என்ற தொடர் இன்றும் எழுதப்படுகிறது. புத்திரன் மகன், பௌத்திரன் பேரன். மகளுக்கு அத்தொடரில் சொல்லே இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் அவளுக்குச் சமபங்கு அளித்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகனுக்கு நிகரான பிறப்புரிமையை அளித்தது. பத்திர எழுத்தர்களின் தொடர் மட்டும் மாறவில்லை.