புத்திர பௌத்திர பாரம்பரியம்

எங்கள் வீட்டு பீரோவில் 1992ஆம் ஆண்டின் விடுதலைப் பத்திரம் ஒன்று இருக்கிறது. தாத்தா முந்தைய வருஷம் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். பாட்டி அதற்கும் முன்பே போய்விட்டார். ராஜபாளையத்தில் தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டுக்குப் பெரியப்பா, அப்பா, அத்தை என்று மூன்று வாரிசுகள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அத்தை தன் பங்கை அண்ணன், தம்பிக்கு விட்டுக்கொடுத்து அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு பட்டுப்புடவையும், "பொறந்த வீட்டுக் கதவு எப்பவும் தெறந்திருக்கும்" என்ற வாக்கும்.

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் வழக்கமான வாசகம்தான்: இனி தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மகன், மகனின் மகன். அந்தப் பௌத்திரன் நான். அந்த வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்துதான் படித்தேன்.

இந்த வாசகத்துக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஆண் வாரிசுகளை மட்டுமே சொல்கிறது. ஆனால் இது முழுமையான, வாரிசுகளுக்கு இறங்கக்கூடிய உரிமையையே குறிக்கிறது, ஆண்களோடு நிற்பதில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டது. நீதிமன்றம் தாராளமாக வாசித்ததை வீடுகள் எழுத்துக்கு எழுத்து வாசித்தன.

2014இல் அத்தை எனக்குப் போன் செய்தார். "மருமகனே, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு எட்டு வாரியா? வக்கீலைப் பாக்கணும்." விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அத்தை வாழ்க்கைப்பட்டது சத்திரப்பட்டியில். மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். தறிச் சத்தத்துக்கு நடுவே சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் தன் பெயரில் ஒரு வீடு வாங்கியிருந்தார். மாமா காலமாகிவிட்டார். திருப்பூரில் இருந்த அத்தான் அந்த வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார். வங்கிக் கடனுக்கு வேண்டுமாம். அவரும் எங்களோடு வந்திருந்தார்.

வக்கீல் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. எங்கள் மூவரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னையும் அத்தானையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அம்மாகிட்ட நான் தனியா பேசணும்" என்றார். அத்தான் முகம் மாறியது. ஒரு மணி நேரம் டீக்கடையில் நின்றோம்.

*

இந்தியாவில் பெண் வக்கீல் என்ற ஒருவர் தேவைப்பட்டதே, கிட்டத்தட்ட, இந்தத் தனிப் பேச்சுக்காகத்தான். 1866இல் நாசிக்கில் பிறந்த கொர்னேலியா சொராப்ஜி 1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை என்பதால் அந்தப் பட்டம் 1922இல்தான் அவர் கைக்கு வந்தது. ஊர் திரும்பியபோது நீதிமன்றத்தில் வாதாட அனுமதியில்லை. ஆனால் 1904இல் வங்காள அரசு, வாரிசு சிறுவர்களின் சொத்துகளை நிர்வகித்த 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' அமைப்புக்கு அவரைச் சட்ட ஆலோசகராக நியமித்தது. காரணம் எளியது. கோஷாப் பெண்கள் வேற்று ஆண் முன்னால் வரமாட்டார்கள். ஆண் வக்கீலிடம் அவர்கள் சார்பில் பேசியவர் மைத்துனரோ காரியஸ்தரோ. பல வீடுகளில் சொத்துக்கு ஆபத்தே அந்த மைத்துனரிடமிருந்தும் காரியஸ்தரிடமிருந்தும்தான் வந்தது. சொராப்ஜி பல்லக்கிலும் படகிலும் யானை மீதும் போய்த் திரைக்குப் பின்னால் இருந்தவர்களோடு நேரடியாகப் பேசினார். சுமார் இருபது ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவினார் என்பார்கள். வழக்குப் போட்டது குறைவு. ஜீவனாம்சத்தை ஒழுங்குபடுத்துவது, பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்வது, வாரிசுப் பிரச்சினை வெடிக்கும் முன் காகிதத்தைச் சரிசெய்வது என்று போனது அவர் வேலை.

அந்தக் காலத்து நீதிமன்றங்களும் ஒரு விதி வைத்திருந்தன. கோஷாப் பெண் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால், அவளுக்கு அதை விளக்கிச் சொன்னார்கள், அவள் புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டாள் என்று பத்திரத்தால் பயனடைகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். பின்னாளில் எழுத்தறியாத பெண்களுக்கும் இந்தப் பாதுகாப்பை நீட்டினார்கள்.

வக்கீல் தொழில் பெண்ணுக்குத் திறந்தது தாமதமாகத்தான். 1916இல் ரெஜினா குஹாவின் மனுவைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1921இல் சுதான்சு பாலா ஹஸ்ராவின் மனுவைப் பாட்னா தள்ளியது. 1923ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெண் என்பதற்காக மறுக்கக்கூடாது என்றது. சென்னையில் பி. ஆனந்தபாய் 1929 ஏப்ரலில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், பிப்ரவரியில், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்ற திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும், அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகள்களுக்குப் பங்கில்லை. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அப்பா உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆண்டாள் ஊரில் உட்கார்ந்து இதை யோசிக்கும்போது ஒன்று தோன்றும். துளசி வனத்தில் கிடைத்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்தார். ஊரின் புகழே அந்த மகளால்தான். ஆனால் ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் நடத்திய இந்து சட்டத்தில், பொதுவாக, பெண் குழந்தையைத் தத்தெடுத்தால் செல்லாது. அதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*

வக்கீல் அறையில் நடந்ததை அத்தை பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

முதலில் 1992 பத்திரத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். "கையெழுத்து போடும்போது யாராவது வாசிச்சுக் காட்டினாங்களாம்மா?"

"அண்ணன் போடச் சொன்னாக, போட்டுட்டேன். வாசிக்க என்ன இருக்கு?"

"அதை ரத்து பண்ணணும்னா விஷயம் தெரிஞ்ச மூணு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்கு வந்திருக்கணும். அந்தக் கெடு எப்பவோ போச்சு. அதை விடுங்க. இன்னிக்குப் போடப்போற கையெழுத்தைப் பாப்போம்."

மகன் கேட்டது தானசெட்டில்மென்ட். அதற்கும் உயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை வக்கீல் விளக்கியிருக்கிறார். செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்த அன்றைக்கே வீடு கைமாறும். நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. சாகும்வரை குடியிருக்கும் உரிமையையும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதினால்தான் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் கைகொடுக்கும். உயிலோ செத்த பிறகுதான் பேசும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கட்டாயம்.

அத்தையோடு அவருடைய தறிக்காரத் தோழி ஒருவரின் கதையும் போயிருந்தது. பிள்ளையில்லாத விதவை, சொந்த உழைப்பில் வாங்கிய இடம். உயில் எழுதாமல் போனால் அது கூடப் பிறந்தவர்களுக்குப் போகாது, புருஷன் வீட்டு வாரிசுகளுக்குத்தான் போகும் என்று வக்கீல் சொன்னாராம். 2009இல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. "அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பீஸ் பத்திக் கவலைப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பொம்பளைகளுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவசம்தான்."

கடைசியாக ஒரே கேள்வி. "வீட்டை யாருக்கு குடுக்கணும்னு உங்களுக்கு ஆசை? உங்க மகனுக்கு என்ன ஆசைன்னு நான் கேக்கல."

அத்தை என்னிடம் சொன்னார்: "இம்புட்டு வயசுல யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல மருமகனே."

மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று உயில் எழுதினார். தட்டச்சு செய்து வந்த முதல் பிரதியில் வழக்கம்போல் புத்திர பௌத்திர பாரம்பரியம் இருந்தது. வக்கீலம்மா அதை அடித்துவிட்டு 'என் மகனும் மகளும் அவர்தம் வாரிசுகளும்' என்று எழுதினார்.

அத்தான் ஆறு மாதம் அம்மாவோடு பேசவில்லை. பிறகு பேசினார். 2021இல் அத்தை இறந்தபோது வழக்கு வரவில்லை. அண்ணனும் தங்கையும் இன்றைக்கும் பொங்கலுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறார்கள்.

சட்டம் பங்கைக் கொடுக்கும். வீட்டுக்குள் அதைக் கேட்கிற பெண்ணுக்கு என்ன பெயர் வரும் என்பது ராஜபாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். பங்கு கேட்டு உறவைக் கெடுத்தவள். அந்த வக்கீலம்மா செய்தது, கேட்க வேண்டிய கட்டாயமே மகளுக்கு வராமல் பார்த்துக்கொண்டது. அவருடைய அலமாரியில் ஜெயித்த வழக்குகளைவிட நடக்காமல் போன வழக்குகள் அதிகம் இருக்கும். அவற்றுக்கு நம்பர் கிடையாது, தீர்ப்புத் தொகுப்பில் இடமும் கிடையாது.

போன மாதம் அப்பா, "உன் தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிரலாமா? அவளும் ஒண்ணும் சொல்லமாட்டா" என்றார். ஒன்றும் சொல்லமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். அத்தையும் சொல்லவில்லை. பெரியப்பா பங்கை அப்பா பிற்பாடு விலைக்கு வாங்கிக்கொண்டார். அத்தையின் மூன்றில் ஒரு பங்குக்கு யாரும் விலை கேட்கவில்லை. அது இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது.

அப்பாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வக்கீலம்மாவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அப்பாவை மட்டும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

தங்கையும் நானும் அதே டீக்கடையில் நின்றோம்.