பல்லும் பள்ளிக்கூடமும்

பிள்ளைகளுக்குப் பல் சுத்தம் சொல்லித்தருவது பள்ளிக்கூடத்தின் வேலையா? இது இன்றைய கேள்வி அல்ல. பிரான்சில் ழூல் ஃபெர்ரி கல்வி அமைச்சராக இருந்தபோது, 1882 மார்ச் 28-ஆம் தேதி வந்த சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதன் முதல் பிரிவில் உள்ள பாடப் பட்டியலிலேயே, அறிவியலைச் சுகாதாரத்துக்குப் பயன்படுத்தக் கற்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. சுகாதாரம் அன்றே வாத்தியார் தலையில் ஏறிவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறை இதை நேரில் கண்டது. காலையில் முசே வரிசையாக நிற்கவைத்து நகம், காது, பல் பார்ப்பார். அழுக்கு இருந்தால் திட்டு விழும். ஆனால் எப்படித் துலக்குவது என்று அவர் ஒருநாளும் செய்து காட்டியதில்லை. அவருக்கும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். வீட்டில் கரித்தூள், வேப்பங்குச்சி, வசதி இருந்தால் பல்பொடி, அவ்வளவுதான்.

பிற்காலத்தில் நான் எழுத்தராக இருந்தபோது ஆசிரியர் பயிற்சி முகாம்களின் கோப்புகள் என் மேசைக்கு வரும். பல் மருத்துவர் ஒருநாள் வந்து படம் காட்டிப் பேசுவார். வருகைப் பதிவேடு, தேநீர்ச் செலவு, சான்றிதழ் எல்லாம் கணக்காக இருக்கும். முகாமுக்குப் பிறகு எந்த வகுப்பிலாவது பிள்ளைகள் துலக்கினார்களா என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இந்தக் குறையைப் பிலிப்பைன்ஸ் நாடு வேறு விதமாக அணுகியது. அங்கே 2006-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. அத்தனை பேருக்கும் வைத்தியம் பார்க்க எந்த நாட்டிலும் மருத்துவர்கள் போதாது. ஆகவே கல்வித் துறையே பொறுப்பேற்றது. பள்ளி நாட்களில் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஃபுளோரைடு பற்பசையால் கூட்டமாகப் பல் துலக்குகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரை. ஆசிரியர் பிரசங்கம் செய்வதில்லை; பக்கத்தில் நின்று நடத்துகிறார்.

அப்படி நடத்த ஆசிரியருக்கு எனாமல், டென்டின் என்று பெரிய பாடம் தேவையில்லை. சில விஷயங்கள் போதும். சிறு பிள்ளைக்குப் பசை பட்டாணி அளவுதான். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நாம் செய்வதுபோல் செம்பு நீரில் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். இரவில் படுக்குமுன் துலக்குவது மிக முக்கியம். ஆறு வயதில் பால் பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல், விழுந்து முளைக்கும் பல் அல்ல, ஆயுளுக்கும் அதுதான். பெற்றோர் பலர் அதைப் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த வயதுப் பிள்ளையின் வாயைத் தினமும் எதிரில் பார்ப்பவர் முதல் வகுப்பு ஆசிரியர்தான்.

பாவம், அவருக்கு ஏற்கெனவே சத்துணவு, கணக்கெடுப்பு, தேர்தல் என்று ஆயிரம் வேலை. இதையும் சுமத்தலாமா என்று கேட்பீர்கள். இன்னொரு பாடமாகச் சேர்த்தால் சுமைதான். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம், குழாயும் பிரஷும் பசையும் அரசு தந்தால், அது பழக்கமாகிவிடும். பயிற்சிக்கு வரும் ஆசிரியர் கையில் குறிப்பேட்டோடு ஒரு பிரஷையும் கொடுங்கள். அவர் முதலில் துலக்கிப் பார்க்கட்டும்.