என் பிழை, உங்கள் தலை: குழுச் சைக்கிள் பயணங்களில் தலைக்கவசக் கட்டாயம் பற்றி

1991ஆம் ஆண்டு பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் தொழில்முறைச் சைக்கிள் வீரர்கள் தலைக்கவசம் அணிய மறுத்துப் போராடினார்கள். சர்வதேசச் சைக்கிள் ஒன்றியமான யுசிஐ அதைக் கட்டாயமாக்க முயன்றிருந்தது. வெயில், வியர்வை, எடை என்று வீரர்கள் பல காரணங்களைச் சொன்னாலும் அவற்றின் அடியில் கிடந்தது ஒன்றுதான்: என் தலை, என் முடிவு. யுசிஐ பின்வாங்கியது. 1995 ஜூலை 18 அன்று, பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஃபாபியோ காசார்ட்டெல்லி, தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் போர்த்தெ தாஸ்பெ மலையிறக்கத்தில் விழுந்தார். சாலையோரக் கான்கிரீட் கட்டையில் தலை மோதி இறந்தார். அப்போதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ், உடன் ஓட்டியவர்களோடு மோதி விழுந்து, மறுநாள் இறந்தார். மே மாதம் முதல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று.

பிடிவாதம் தோற்றுப் பாதுகாப்பு வென்ற கதையாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1991இல் மறுத்தவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. வயதுவந்த ஒருவர் தமக்கு மட்டுமே நேரக்கூடிய ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறார் என்றால், குறுக்கிட அமைப்புக்கு என்ன உரிமை? ஜான் ஸ்டூவர்ட் மில் காலத்திலிருந்து கேட்கப்படும் இந்தக் கேள்வியை ஒரு மரணத்தைக் காட்டி மூடிவிட முடியாது. ஆனால் 'தமக்கு மட்டுமே' என்ற அதன் அடிப்படை, சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி ஓட்டும் கூட்டத்துக்குள் நிற்குமா என்று கேட்கலாம். நிற்காது என்பதே என் வாதம். ஒருங்கிணைக்கப்பட்ட குழுப் பயணங்களில் தலைக்கவசம் கட்டாயமாக இருக்க வேண்டும்; சைக்கிள் ஓட்டும் எல்லோர் மீதும் அரசு அதைச் சட்டமாகச் சுமத்தக் கூடாது. இவ்விரண்டையும் ஒருவரே சொல்வதில் முரண் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் தொடங்கும் இடத்திலேயே குழம்பிவிடுகிறது. 'ஹெல்மெட் கட்டாயம்' என்றதும் நம் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிள். 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது கடைகளில் முண்டியடித்த கூட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளைப் பற்றியது, மிதிவண்டியைத் தொடவில்லை. ஆகவே இங்கே சைக்கிளுக்கு இருப்பது பயணத்தை நடத்துவோர் தாங்களே வகுத்துக்கொண்ட விதிதான். அந்த விதியை அதன் களத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை 1 அன்று சைக்கிள் ஓட்டுவோர் அனைவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்து 1994இல் பின்தொடர்ந்தது. மெல்போர்னில் சட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்ணிக்கைகளை ஒப்பிட்டு, சைக்கிளில் வரும் பதின்வயதினர் பெரிதும் குறைந்துவிட்டதை டி. எல். ராபின்சன் 1996இல் சுட்டிக்காட்டினார். சாலையில் சைக்கிள்கள் பெருகப் பெருக ஒவ்வொரு ஓட்டிக்கும் ஆபத்து குறைகிறது என்று 2003இல் பீட்டர் ஜேக்கப்சன் எழுதியதையும் இதனுடன் சேர்த்துப் படித்தால், ஓட்டுவோரைக் குறைக்கும் சட்டம் தன் நோக்கத்தையே அரித்துக்கொள்ளக்கூடும் என்பது விளங்கும். மெக்சிகோ நகரம் 2010இல் தன் தலைக்கவசச் சட்டத்தைக் கைவிட்டது. சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டி 2022இல் கைவிட்டதற்குக் காரணம் இன்னும் கசப்பானது: அபராதம் வீடற்றவர்கள் மீதும் கறுப்பினத்தவர் மீதும் அளவுக்கு மீறி விழுந்தது. நம் ஊரில் அப்படியொரு சட்டம் வந்தால் யார் நிறுத்தப்படுவார்கள் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. பால்காரர், கட்டட வேலைக்குப் போகிறவர், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பெண். அவர்களைப் பயமுறுத்திச் சைக்கிளிலிருந்து இறக்கும் எதையும் நான் ஏற்கமாட்டேன்.

குழுப் பயணம் வேறு வகையானது. அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் குழுக்களைக் கவனித்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருபவர் அந்த நிழலில் ஒதுங்கிக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பை மிச்சப்படுத்துகிறார். அந்த ஆதாயத்துக்கு இடைவெளி அரை மீட்டருக்குள் சுருங்க வேண்டும். மணிக்கு 35 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 9.7 மீட்டர். முன்னவர் வேகம் குறைந்ததைக் கண் பார்த்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் முக்கால் நொடி ஓடினாலும் வண்டி ஏழு மீட்டர் போயிருக்கும். அரை மீட்டர் இடைவெளி என்பது எதிர்வினைக்கு இடமே இல்லாத இடைவெளி; நம்பிக்கை மட்டுமே அதை நிரப்புகிறது. முன்னால் பள்ளம் வந்தால் அவர் கையால் காட்டுவார், திடீரென்று ஒதுங்கமாட்டார் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பிசகும்போது நடப்பது விசித்திரமானது. முன்னவர் ஒதுங்குகிறார், அவருடைய பின்சக்கரம் பின்னவரின் முன்சக்கரத்தை உரசுகிறது. திசை காட்டும் சக்கரம் முன்சக்கரம் என்பதால் விழுபவர் பின்னவர். தவறு செய்தவர் பெரும்பாலும் நிமிர்ந்தே போய்க்கொண்டிருப்பார். சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். விழுந்தவர் மீது அடுத்தவர், அவர் மீது இன்னொருவர்.

இந்த விழுகைக்கும் தலைக்கவசத்தின் தயாரிப்புக்கும் உள்ள பொருத்தம் விவாதங்களில் போதிய கவனம் பெறுவதில்லை. ஐரோப்பாவின் இஎன் 1078 தரச் சோதனையில் கவசத்தைத் தட்டையான இரும்புப் பரப்பின் மீது நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் மாதிரித் தலை உணரும் முடுக்கம் புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அந்த 5.42 எங்கிருந்து வந்தது? ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து இருக்கும் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. லாரி வந்து இடிப்பதற்காக இந்தக் கவசம் வடிவமைக்கப்படவில்லை. நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் நுரைப் பொருள்தான் அதன் உள்ளுடல். அது நசுங்கி, நசுங்கும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் தலையை மெல்ல நிறுத்துகிறது. ஒருமுறை நசுங்கினால் மீளாது. இருக்கையிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து தார்ச்சாலையில் தலை அடிப்பது அதன் சோதனைக் கூடத்து நிலைமைக்கு மிக நெருங்கியது. குழுப் பயணத்தில் சக்கரம் உரசி விழுவது அதே விழுகைதான்.

சட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படும் "சாலையில் கொல்வது மோட்டார் வாகனம், அதற்கு முன் தெர்மாகோல் என்ன செய்யும்" என்ற வாதம் இதனால் இங்கே வலுவிழக்கிறது. தனியே அலுவலகம் போகிறவருக்கு அது பெரிதும் பொருந்தும். குழுவுக்குள் முதல் ஆபத்து பக்கத்தில் ஓட்டும் நண்பர்.

பயன் எவ்வளவு என்பதிலும் பழைய எண்களை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. 1989இல் சியாட்டில் ஆய்வு தலைக்காயம் 85 விழுக்காடு குறைவதாகச் சொன்னது. பிற்காலத் தொகுப்பாய்வுகளில் பயன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. 40 ஆய்வுகளையும் காயமடைந்த 64,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களையும் தொகுத்த ஆலிவியர், கிரெய்டன் இருவரின் 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, தலைக்காய வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகவும் கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 விழுக்காடும் குறைவதாகக் கணிக்கிறது. ஒருவர் விழுந்துவிட்டார் என்றான பிறகு இந்தக் கணக்கு அவருக்கு உதவுகிறது. விழுவதையே தடுப்பது வேறு வேலை.

இனி அறவாதம். நான் முன்னால் ஓட்டுகிறேன். ஒரு பாட்டில் மூடி கண்ணில் பட்டு ஒரு கை அகலம் ஒதுங்குகிறேன். மனிதர் எவரும் செய்யும் பிழை. பின்னால் வருபவர் கவசம் அணிந்திருந்தால் அந்தப் பிழையின் விலை பெரும்பாலும் சிராய்ப்பு, முறிந்த காறை எலும்பு, சில வாரம் ஓய்வு. அணியாதிருந்தால் அதே பிழை ஒரு குடும்பத்தின் வாழ்நாள் துயரமாகலாம். என் பிழையின் எடையை அவருடைய தேர்வு தீர்மானிக்கிறது. குற்றவுணர்வைச் சுமப்பவன் நான். ஆம்புலன்ஸ் வரும்வரை கழுத்து அசையாமல் பிடித்துக்கொள்பவர் இன்னொருவர். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவர் ஒருங்கிணைப்பாளர். "என் தலை, என் முடிவு" என்பவர் காற்றின் நிழலை எங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். அந்தக் கொடுக்கல் வாங்கலில் அவருக்கும் ஒரு கடன் உண்டு. மேலும் இது சட்டத்தைப் போலத் தப்ப வழியில்லாத கட்டாயமில்லை. மறுப்பவர் அதே சாலையில், அதே வேளையில் தனியே ஓட்டலாம். பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு அப்படி வேறு வழி கிடையாது.

நீண்டதூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் ஆடாக்ஸ் பயணங்கள் இந்த வாதத்தைச் சோதிக்க நல்ல களம். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடித்தால் பாரிசின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் அதைப் பதிவுசெய்கிறது. அதே பதிவுக்காக இந்தியாவில் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிந்தே ஆக வேண்டும். பிரிட்டனின் ஆடாக்ஸ் அமைப்போ நீண்ட காலமாக அதை ஓட்டியின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. பிரிட்டன்காரர்கள் அசட்டையானவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுடைய மரபில் இது பலர் தனித்தனியே செய்யும் பயணம். அட்டையில் முத்திரை வாங்கும் இடங்களில்தான் சந்திப்பு. அந்த அளவுக்கு அவர்கள் நிலைப்பாடு என் வாதத்தோடு ஒத்துப்போகிறது. நடைமுறையில் முதல் நூறு கிலோமீட்டரைக் கூட்டமாகவே ஓட்டுகிறார்கள் என்பதுதான் அதன் பலவீனம்.

விதியின் எல்லையைக் காட்ட நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு நிகழ்வு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தந்தது. பெண்கள் கூட்டங்கூட்டமாக ஊர்வலம் போனார்கள். அதுவும் ஒருங்கிணைக்கப்பட்ட குழுப் பயணமே. அங்கே வாசலில் நின்று "தலைக்கவசம் இல்லாதவர் திரும்பிப் போகலாம்" என்று சொல்லியிருந்தால் அந்த அசைவே நின்றுபோயிருக்கும். நடையை விடச் சற்றே வேகமான அந்த ஊர்வலங்களில் காற்று நிழல் இல்லை, அரை மீட்டர் இடைவெளியின் பேரமும் இல்லை. ஆகவே விதி எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதைப் பார்க்கக் கூடாது. ஒருவர் பின்சக்கரத்தை ஒருவர் ஒட்டி ஓட்டும் வேகம் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பவர்கள், இயன் வாக்கர் தாமே சைக்கிள் ஓட்டிச் செய்த 2007ஆம் ஆண்டுச் சோதனையை எடுத்துக்காட்டுவதுண்டு. தலைக்கவசம் அணிந்திருந்தபோது, அணியாதபோதைவிட வாகனங்கள் அவரைச் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கிக் கடந்தன. அந்த முடிவு பின்னர் மறு ஆய்வில் கேள்விக்கு உள்ளானது. ஏற்றுக்கொண்டாலும், அது தனியே ஓட்டும் ஒருவரைப் பற்றியது. இருபது பேர் கொண்ட குழுவைக் கடக்கும் ஓட்டுநர் தலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறு எதிர்ப்பு. 2011இல் ஜிரோ பந்தயத்தில் வூட்டர் வெய்லண்ட், 2023இல் சுவிஸ் சுற்றுப் பந்தயத்தில் ஜீனோ மேடர், இருவரும் விதி வந்த பிறகு மலையிறக்கத்தில் விழுந்து இறந்தவர்கள். விதியை எழுதிய அமைப்பு தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும் அபாயம் உண்மையானது. தலைக்கவசத்தைச் சரிபார்த்துவிட்டு, புதியவர்களையும் வேகக்காரர்களையும் ஒரே வரிசையில் அனுப்பும் ஒருங்கிணைப்பாளர், விதியைக் கேடயமாக்கித் தான் ஒளிந்துகொள்கிறார். இன்னொரு அபாயம் நீதிமன்றத்தில் காத்திருக்கிறது. தலைக்கவசம் அணியாதது காயமடைந்தவரின் பங்களிப்புக் கவனக்குறைவாகக் கருதப்படலாம் என்று இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2009இல் ஸ்மித் எதிர் ஃபின்ச் வழக்கில் ஏற்றது. அந்த வழக்கில் கவசம் காயத்தைக் குறைத்திருக்கும் என்று மெய்ப்பிக்கப்படாததால் இழப்பீடு குறைக்கப்படவில்லை. சங்கங்களின் விதிகள் பொதுச்சாலை ஓட்டியின் தலையில் பழி சுமத்தும் சான்றாக மாறக் கூடாது. விதியை எழுதும்போதே "இது ஒட்டி ஓட்டும் பயணத்துக்கான உறுப்பினர் உடன்பாடு, பிற சூழல்களில் ஓட்டுவோரின் கவனத்துக்கு இது அளவுகோல் ஆகாது" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

வாங்க முடியாதவருக்குச் சங்கம் இரவல் தர நாலைந்து கவசங்களாவது வைத்திருக்க வேண்டும். நெற்றி தெரியப் பின்னுக்குத் தள்ளி அணிந்தவரையும் நாடாவைத் தொங்கவிட்டவரையும் புறப்படும் முன் நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். விழுந்த கவசத்தை, கீறல் மட்டுமே தெரிந்தாலும், திரும்ப அணிய விடக் கூடாது.

2003ஆம் ஆண்டு விதியில் ஒரு விலக்கு இருந்தது. பந்தயம் மலையுச்சியில் முடியும் நாட்களில், அந்தக் கடைசி ஏற்றம் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது என்றால் வீரர்கள் கவசத்தைக் கழற்றலாம். பின்னர் அதுவும் நீக்கப்பட்டது. அந்த விலக்கில் எனக்கு மதிப்பு உண்டு. ஏற்றத்தில் வேகம் குறைகிறது, காற்று நிழல் மறைகிறது, வெப்பம் தலைக்கேறுகிறது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று யோசித்தவர்கள் எழுதியது அது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைக்குக் குழுவை அழைத்துப் போகும் ஒருங்கிணைப்பாளர் அதையே பின்பற்றலாம். ஏறும்போது கவசத்தை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள அனுமதிக்கட்டும். உச்சியில் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு தாடையின் கீழும் நாடா பூட்டப்பட்டிருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு, இறக்கத்துக்கு விடட்டும்.